வெறும் புல்லுதான்

பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். உதடு தன்னுடையதே இல்லை என்பதுபோல டீ குடிப்பார்கள். பாதி சட்டையில் வடியும். பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் துடைத்துக்கொள்வார்கள். சிலர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ரத்தம் வருவதுகூடத் தெரியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மனைவி இறந்ததிலிருந்து அவர் அப்படித்தான் இருந்தார். எப்படித் தாங்குகிறீர்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தாங்குவதற்கு ஒன்றும் வரவேயில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டிவைத்தார்.

அவர் பல்செட் செய்கிறவர். பல் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு நீள அறை. ஒரு பக்கம் பிளாஸ்டர் மூட்டை, இன்னொரு பக்கம் பாலிஷ் போடும் மோட்டார், நடுவில் விளக்கடியில் அவர். ஊரில் பாதிப் பேருடைய வாய் பிளாஸ்டர் அச்சாக அலமாரியில் அடுக்கியிருந்தது. மனைவி அங்கே வந்தால், "உங்க கூட்டாளிங்க எல்லாரும் இளிச்சுக்கிட்டே இருக்காங்க, நீங்க மட்டும் ஏன் உம்முன்னு இருக்கீங்க?" என்பாள். அவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுபோகும். லீவு கிடைத்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு பூச்சி தின்னும் செடிகளைத் தேடிக் கிளம்பிவிடுவாள். மற்றவர்கள் கோட்டை, கடல், கடைத்தெரு என்று பார்த்துவிட்டு வருகிற ஊர்களுக்கெல்லாம் போய், அவர்கள் இருவரும் சேற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

போன் வந்தபோது அவர் ஒரு மேல் செட்டில் கோரைப்பல் பதித்துக்கொண்டிருந்தார். பேசியது ஒரு கல்லூரியின் தாவரவியல் புரொபசர் அம்மா. மனைவிக்கு போனிலேயே சிநேகம் ஆனவர்.

"சார், ஒரு உதவி வேணும். மேடம் படம் எடுக்கப் போற அந்தச் சதுப்பு நிலம் வழியா ரோடு போடப் போறாங்க. திங்கட்கிழமை கடைசிக் கூட்டம். அங்க ஒரு அபூர்வமான அழுகண்ணிச் செடி இருக்குன்னு போன வருஷம் மேடம் எனக்குப் படம் அனுப்பினாங்க. வெள்ளைப் பூவுள்ளது. இந்தப் பக்கத்துல வேற யாரும் அதைப் பார்த்ததே இல்லை."

"ம்."

"அந்தச் சதுப்புலதான்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிட்டாங்க. அதுவோ கண்ணுக்கெட்டின தூரம் கிடக்கு. எந்த இடம்னு கேட்டா, 'அதை மட்டும் கேக்காதீங்க'ன்னுட்டாங்க. படத்துல பின்னாடி வானம்கூட இல்லை சார். அதை வச்சுக்கிட்டு நான் என்னன்னு பேசறது? இடம் தெரியற மாதிரி ஒரு படம் வேணும். பூ விரிஞ்சிருக்கணும். இல்லேன்னா ரோடு அதுமேலதான் போகும். உங்களுக்கு இடம் தெரியும்ல?"

"சரி" என்றார்.

எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்வது அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது. சாப்பிடுங்கள், சரி. தூங்குங்கள், சரி. இடம் தெரியுமா, சரி. போனை வைத்த பிறகுதான், இடம் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

இடத்தைச் சொல்லாமல் இருப்பது அவள் விளையாட்டுக்காகச் செய்ததில்லை. முன்னொரு சமயம் மலைச்சரிவில் ஒரு குடுவைச் செடிக் கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். இலை நுனியில் மூடி போட்ட கூஜா தொங்குமே, அந்தச் செடி. சந்தோஷம் தாங்காமல், செடிப் பிரியர்கள் கூடுகிற ஒரு குழுவில் படத்தைப் போட்டு, எந்தச் சரிவு, எந்தப் பாதை என்றும் எழுதிவிட்டாள். அடுத்த முறை போனபோது குழிகள் மட்டும் இருந்தன. யாரோ அழகாகத் தோண்டி, வேரோடு எடுத்துப்போய் விற்றிருந்தார்கள். அவள் அந்தக் குழிகளையும் படம் எடுத்தாள். அன்றைக்குப் பிறகு வாய்க்குப் பூட்டுதான். படத்தில் வானம் வராது, மலை வராது, போனில் இடம் காட்டுவதை நிறுத்திவைப்பாள். சேற்றில் குப்புறக் கிடக்கும்போது யாராவது வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சாவி தொலைஞ்சுபோச்சுங்க" என்பாள். "அலமாரிச் சாவி. எங்க மாமியார் என்னைக் கொன்னே போட்டுருவாங்க!" மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய நடிப்பைப் பார்த்து, கேட்டவர்களும் குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களை அனுப்பிவைப்பதுதான் பெரும்பாடு.

அவருடைய வேலை குடை பிடிப்பது. வெயில் நேராக விழுந்தால் அழுகண்ணியின் இலையில் நிற்கிற பசைத்துளிகள் எல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் வெந்துபோகும்; காற்றடித்தால் பூக்காம்பு ஆடும். அதனால் அவர் குடையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உடம்பைச் சுவராக்கி நிற்பார். இத்தனை வருஷத்தில் அவர் வழியைப் பார்த்ததில்லை. முன்னால் அவள் போவாள், பின்னால் அவர் பையைச் சுமந்துகொண்டு அவள் செருப்புச் சுவட்டைப் பார்த்துப் போவார்.

மச்சினனிடம் விஷயத்தைச் சொன்னதும், அவன் லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அக்காவுக்கு ஒரே தம்பி. வாய் ஓயாது. அக்கா போன பிறகு இன்னும் அதிகம்.

"அத்தான், நீங்க பேசாம வர்றீங்க, நான் பேசிக்கிட்டே வர்றேன். சராசரி போட்டுப் பார்த்தா ரெண்டு பேரும் நார்மல்" என்றான் வழியில்.

"ரோட்டைப் பாருடா."

"பார்த்தீங்களா, பேசிட்டீங்க!"

சதுப்புக்குப் பக்கத்து ஊரில், எப்போதும் தங்குகிற லாட்ஜ். மாடிப்படியில் அதே ஈர மிதியடி, வரவேற்பு மேஜையில் அதே பிளாஸ்டிக் ரோஜா. லாட்ஜ்காரம்மா முகம் மலர்ந்து, கேட்காமலே அதே அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "மேடம் பின்னாடி வர்றாங்களா?" என்று கதவுப் பக்கம் எட்டிப்பார்த்தாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன், "அக்கா தவறிட்டாங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னான். எங்கேயும் இப்படித்தான் நடந்தது. கிளினிக்கில் டாக்டர் சொன்னார். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவர் ஒருமுறைகூட அதைத் தன் வாயால் சொல்ல வேண்டி வரவில்லை. லாட்ஜ்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவர், வேறு யாருக்கோ நடந்த விஷயம்போல, மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முக்கால்வாசி சுற்றி மூச்சு வாங்கும் ஃபேன். அவர் குளிக்கப் போனார். வெளியே வந்ததும் மச்சினன் பதறி எழுந்தான்.

"என்ன அத்தான் இது, தோளெல்லாம் வெந்துகிடக்கு! அந்தக் குழாய்ல கொதிக்கக் கொதிக்க வருது, கலந்துக்கலையா?"

அவர் குனிந்து பார்த்தார். தோள் சிவந்திருந்தது. "ஓ" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே சதுப்புக்குப் போய்விட்டார்கள். வேனை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிக் கோரை, ஒரே மாதிரிப் பாசி, நடுநடுவே கறுப்புத் தண்ணீர். முன்பு இல்லாத ஒன்று இருந்தது: சிவப்பு ரிப்பன் கட்டிய மரமுளைகள், நூல் பிடித்தாற்போல வரிசையாக, கோரைக்குள் இறங்கிப் போயின. ரோடு வரப்போகிற தடம்.

"எந்தப் பக்கம் அத்தான்?"

"தெரியல."

"தெரியலையா? புரொபசர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

மச்சினன் இடுப்பில் கைவைத்தான். "உங்களை நம்பி ஒரு செடி உயிரோட இருக்குன்னா, அந்தச் செடிக்கு நேரம் சரியில்லை."

மொட்டு விட்ட அழுகண்ணியைக் கண்டுபிடிப்பது சாதாரண வேலை இல்லை. செடி மொத்தமும் ஒரு சட்டைப் பொத்தான் அகலம்தான் இருக்கும். தரையோடு ஒட்டிக்கிடக்கும். மிதித்த பிறகுதான் மிதித்தது தெரியும். அவர்கள் குனிந்துகொண்டே வெகுநேரம் அலைந்தார்கள். பழைய வழியை நினைவுக்குக் கொண்டுவர அவர் முயன்றார். வந்ததெல்லாம் அவள் குதிகால்தான். செருப்பின் பின்பட்டையில் ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. அதைத் தைத்துக்கொள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார். அதை வைத்து வழி கண்டுபிடிக்க முடியாது.

கால் ஓய்ந்துபோய் நின்றபோது லேசாகத் தூறியது. அவர் குடையை விரித்தார். பழக்கத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததும், குடையின் விளிம்புக்குக் கீழே தூரத்து மின்சார டவர் தெரிந்தது. அவர் அப்படியே நின்றார்.

அவள் படம் எடுக்கிற அந்த நீண்ட நீண்ட நேரத்தில் அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்? குடைக்குக் கீழே தெரிகிற அந்தத் துண்டு உலகத்தைத்தான். டவரின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு தண்ணீர்த்தொட்டி தெரியும். அலுத்துப்போன வேளைகளில், டவர் தொட்டிக்குக் கவட்டை விரித்து நிற்பதுபோல இருக்கிறது என்று அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். "கேமரா ஆடுது, சிரிக்க வைக்காதீங்க" என்றாள்.

இப்போது தொட்டி டவரின் இடது காலுக்கு வெளியே இருந்தது.

"இன்னும் வலப்பக்கம் போகணும்" என்றார். குடையைச் சாய்த்தபடியே பக்கவாட்டில் நண்டுபோல நடந்தார். தொட்டி மெல்ல நகர்ந்து கால்களுக்கு நடுவே வந்தது. இனி முன்னேயா பின்னேயா என்பதுதான். தொட்டி கவட்டையை முட்டும் அளவுக்கு உயரமாகத் தெரியும் என்று ஞாபகம்.

"டேய், நீ அங்க குப்புறப் படு."

"எதுக்கு?"

"அவ இருந்த மாதிரி. நீ படுத்தாத்தான் நான் எங்க நிப்பேன்னு எனக்குத் தெரியும்."

"அத்தான், அக்கா அஞ்சடி. நான் ஆறடி. என் கால் அடுத்த ஊர்ல இருக்கும்." முணுமுணுத்துக்கொண்டே பிளாஸ்டிக் கோணியை விரித்துப் படுத்தான். அவர் குடையோடு பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் முன்னாடி ஊர்ந்து போ... நில்லு... இல்ல, முன்னாடி" என்று சொல்லச் சொல்ல, அவன் சேற்றில் முதலையாக நகர்ந்தான். "லிஃப்டுக்கு அடியில படுக்கறப்பகூட இவ்வளவு அவமானமா இருந்ததில்லை" என்றான். பிறகு திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பேச்சை நிறுத்துவது அபூர்வம்.

"அத்தான். இங்க வாங்க. மெதுவா."

கோரை அடர்ந்த இடத்துக்கு நடுவே ஒரு பாய் அளவுக்கு நீள்சதுரமாக ஒரு வெற்றிடம். அதற்குள் ஒரு கோரைகூட இல்லை. போன வருஷம் பூ விரியட்டும் என்று அவள் காலை காலையாக வந்து, ரப்பர் பாயைப் போட்டு, ஒரே இடத்தில் கிடந்தாள். பாயை அங்கேயே விட்டுவிட்டுத்தான் லாட்ஜுக்குப் போவாள். அடியில் கோரை அழுகிச் செத்துப்போயிருக்க வேண்டும். அழுகண்ணிக்கு அதுதான் வேண்டும்: நிழல் தட்ட எதுவும் இல்லாத ஈரமண். நீள்சதுரம் முழுக்கச் சிவப்பு. சின்னச் சின்னக் கரண்டி இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் துளிகள், துளிகளில் கொசு. அவள் முழங்கை அழுந்திய இரண்டு பள்ளங்களில் இன்னும் அடர்த்தியாக இருந்தது.

மச்சினன் முழங்காலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். சேற்றுக் கை என்பதால் முகமெல்லாம் கறுப்பானது. அவர் அவன் முதுகில் கைவைத்தார். வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, வைத்தார். பிறகு பையைத் திறந்து கேமராவை எடுத்தார்.

பல்லை உருப்பெருக்கியில் பார்த்துப் பழகியவருக்குச் சின்னதைப் பார்ப்பது புதிதில்லை. கேமராவைத் தொட்டதுதான் புதிது. அவள் கிடந்த இடத்தில் இப்போது படுக்க முடியாது என்பதால், எதிர்ப்பக்கம் கோணியைப் போட்டுக் குப்புறப் படுத்தார். மச்சினன் குடை பிடித்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஆட்டாதே."

"நான் ஆட்டலை. அழுகை ஆட்டுது."

மெல்லிய காம்புகள் நிமிர்ந்து நின்றன. நுனியில் மொட்டு இருந்தது. எல்லாம் இறுக மூடியிருந்தன. வெயில் வந்தால் விரியும், கொஞ்ச நேரம் இருக்கும், மூடிக்கொள்ளும். மறுநாள் அடுத்த மொட்டு. ஆனால் வெயில் வரவில்லை. தூறல் நின்றது, மேகம் கலையவில்லை. காத்திருந்தார்கள். ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். மேகம் இன்னும் தடித்தது. அவர் மொட்டைக் கேமராவிலும் போனிலும் படம் எடுத்தார். பிறகு எழுந்து, டவரும் தொட்டியும் முளைகளும் தெரிய, அவள் ஒருநாளும் எடுத்திருக்காத ஒரு படத்தைப் போனில் எடுத்தார். படத்தோடு இடத்தையும் காட்டலாமா என்று போன் கேட்டது.

"அக்கா இருந்தா கையை ஒடிச்சிருப்பா" என்றான் மச்சினன்.

அவர் அழுத்தினார். படங்களைப் புரொபசர் அம்மாவுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அந்த அம்மாவே கூப்பிட்டார்.

"இடம் கிடைச்சுதே, பெரிய விஷயம் சார். ஆனா மொட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சாதாரண வகைக்கும் இதே இலைதான். பூ வேணும். நாளைக்குப் பாருங்களேன்?"

"நாளைக்கு மழைன்னு சொல்றாங்க."

"அப்ப..." என்று இழுத்தார் புரொபசர். அவருக்கும் வருத்தமாக இருந்திருக்கும்.

அவர் போனைப் பையில் போட்டார். ரோடு இதன்மேல் போகும். இந்த நீள்சதுரம் ஜல்லிக்கும் தாருக்கும் கீழே போகும். அதை மனசுக்குள் ஒருமுறை வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் முளைகளின் வரிசையோடு ஒரு ஆள் வந்தார். தோளில் முக்காலி, தலையில் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் ஷூ. சர்வேயர். சாய்ந்துபோன முளைகளை நிமிர்த்திக்கொண்டே வந்தவர் இவரைக் கண்டதும் நின்று, நெற்றியைச் சுருக்கி, பிறகு முகமெல்லாம் சிரிப்பானார்.

"அட, நீங்களா! என்ன சார், சாவி கிடைச்சுதா இல்லையா?"

மச்சினன் குழம்பிப்போய் அத்தானைப் பார்த்தான். அவருக்கு நினைவு வந்தது. போன வருஷம் இதே மனிதர் இதே தொப்பியோடு வந்து குனிந்து பார்த்தார். குடைக்குக் கீழிருந்து அவள் மாமியார் கதையை எடுத்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்" என்றார் சர்வேயர் முக்காலியை இறக்கிவைத்து. "உங்களுக்கு நான் ஒரு நன்றி சொல்லணும், தெரியுமா? ரோடு முதல்ல அந்த நாணல் மேட்டுப் பக்கமாத்தான் இருந்துது. அங்க பறவைங்க கூடு கட்டுதுன்னு சொல்லி, ரோட்டுக் கோட்டை மாத்துன்னுட்டாங்க. எந்தப் பக்கம் மாத்தறதுன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தப்பத்தான் உங்களைப் பார்த்தேன். அம்மாகிட்ட கேட்டேனே, 'அடிக்கடி வர்ற மாதிரி இருக்கீங்க, இங்க ஏதாவது விசேஷமா இருக்கா'ன்னு. 'ஒண்ணுமில்லைங்க, வெறும் புல்லுதான்'னாங்க. அப்புறம் என்ன? நிம்மதியா இந்தப் பக்கம் தள்ளிட்டேன். ஒரு பிரச்சினை வரலை."

அவள் சொன்னது வாஸ்தவம். அவரும் கூட நின்று, "கொசு வேணா இருக்கு" என்று ஒத்து ஊதியிருந்தார். அந்த ஆள் போன பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். செடியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று ராத்திரி அவள் கூடுதலாக ஒரு தோசை கிடைத்த குழந்தைபோலக் குதித்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன் முந்திக்கொண்டான். "கிடைச்சிருச்சு சார், சாவி அப்பவே கிடைச்சிருச்சு" என்று குடையை நகர்த்தி நீள்சதுரத்தை மறைத்தான். சர்வேயர் முக்காலியின் காலைத் துடைக்கக் குனிந்த நேரத்தில், அத்தானின் காதருகே வந்தான். "வேணாம் அத்தான். கிளம்பலாம். அக்கா பொய் சொன்னாங்கறது அவருக்கு எதுக்குத் தெரியணும்? அவளாலதான் கோடு இந்தப் பக்கம் வந்ததுன்னு திங்கட்கிழமை கூட்டத்துல நாலு பேர் முன்னாடி சொல்லுவாங்க. செத்தவ பேரை இழுக்கணுமா? ஒரு செடிக்காகவா?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அவர் அவனைப் பார்த்தார். சேறு காய்ந்து முகம் வெடித்திருந்தது. நீள்சதுரத்தைப் பார்த்தார். ஒரு கொசு புதிதாக வந்து ஒட்டியிருந்தது. ஒரு காலை விடுவித்தால் இன்னொரு கால் மாட்டியது. அவளுடைய பேரா, அவளுடைய செடியா என்று யாரோ ஒரு தராசை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. கையில் எடை ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலேயே ஒரு பக்கம் வைக்க வேண்டியிருந்தது. அவளாக இருந்தால் எதை வைப்பாள் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை.

"சார்" என்றார். "சாவி எதுவும் தொலையலை."

"என்னது?"

"பொய். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவோம். இங்க ஒரு செடி இருக்கு. பூச்சி தின்றது. வேற எங்கயும் இல்லாத வகைன்னு புரொபசர் சொல்றாங்க. தெரிஞ்சா தோண்டிட்டுப் போயிடுவாங்கன்னு மறைச்சோம். வெறும் புல்லுன்னு சொன்னதும் பொய்தான்."

சர்வேயரின் சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. "வேடிக்கை பண்றீங்களா? நான் அதை நம்பிக் கோடு போட்டு, மேலதிகாரி கையெழுத்து வாங்கி, முளை அடிச்சு... என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? கேனையன் மாதிரியா?"

"இல்லைங்க."

"திங்கட்கிழமை கூட்டம் வச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து சொல்றீங்க! நான் போய் அங்க என்னன்னு சொல்லட்டும்? யாரோ வழியில சாவி தேடினவங்க சொன்னாங்கன்னா? அந்த அம்மா எங்க? வரச் சொல்லுங்க. அவங்கதானே என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, அவங்களே வந்து நேரா சொல்லட்டும்."

மச்சினன் வாயைத் திறந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ செத்துப்போயிட்டா" என்றார்.

சொல்லி முடித்ததும், சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பதுபோல நின்றார். இடி எதுவும் விழவில்லை. கோரை ஆடியது. மச்சினன் குடையோடு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

சர்வேயர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். கோபம் போகவில்லை, அதை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "எங்க இருக்கு, காட்டுங்க" என்றார்.

"உங்க ஷூவுக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. காலை எடுக்காதீங்க. முதல்ல பாருங்க."

"எங்க? ஒண்ணும் தெரியலையே."

"உட்காருங்க. நிமிர்ந்து நின்னாத் தெரியாது."

சர்வேயர் முனகிக்கொண்டே குந்தினார். அவர் பல் வேலைக்கு வைத்திருக்கிற உருப்பெருக்கியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சர்வேயர் ஒரு கண்ணை மூடி, பார்த்து, கண்ணை மாற்றிப் பார்த்தார். ஒட்டிய கொசுவின்மேல் இலையின் சின்ன மயிர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

"உயிரோட இருக்கறப்பவே தின்னுதா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஆமா."

"அடப்பாவி" என்றார். அது செடியையா, கொசுவையா, அவளையா என்று தெரியவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "முளையைப் பிடுங்கற அதிகாரம் எனக்குக் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா நான் போட்ட கோடு தப்பான தகவலை வச்சுப் போட்டதுன்னு நானே எழுந்து சொல்லலாம். சொன்னா அளந்து காட்டுன்னு கேப்பாங்க. எவ்வளவு தூரத்துக்கு இருக்கு இது? எங்கயிருந்து எங்க வரைக்கும்?"

அவர் யோசித்தார். அவளுக்கு ஒரு செடி போதும். ஒன்றைப் பிடித்துவிட்டால் அதன் முன்னாலேயே கிடப்பாள். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று சுற்றிப் பார்த்தால் அதிகம் மிதிபடும் என்று பார்க்க விட்டதில்லை.

"தேடணும்" என்றார்.

சர்வேயர் தோள்பையிலிருந்து ஒரு கட்டு வெறும் முளைகளை எடுத்து, பாதியை அவரிடமும் பாதியை மச்சினனிடமும் கொடுத்தார். ரிப்பன் கட்டாத முளைகள். "பார்க்கிற இடத்துல ஒண்ணு குத்துங்க. செடிமேல குத்திடாதீங்க."

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் எதையோ தொலைத்தவர்கள் மாதிரிதான் தெரிந்திருக்கும். முதலில் வெகுநேரம் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் ஒரு மாட்டுக்குளம்புத் தடத்துக்குள் மச்சினன் ஒன்றைப் பார்த்தான். சர்வேயர் இரண்டைப் பார்த்துவிட்டு, அதில் ஒன்று பாசி என்று திருத்திக்கொண்டார். முளைகள் மெல்ல மெல்ல ஒரு கோணலான வட்டமாகின. இருட்டிக்கொண்டு வந்த மேகத்துக்குக் கீழே அவை வெள்ளையாகத் தெரிந்தன.

ஒரு ஓடை மாதிரி தண்ணீர் தேங்கிய இடத்துக்கு வந்ததும் சர்வேயர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதோட முடிஞ்சுதா சார்? இல்ல, தாண்டியும் இருக்குமா?"

"தெரியல" என்றார் அவர். "அவ இதுக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை."

மிச்சமிருந்த முளைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீரில் காலை வைத்தார்.